முப்பது கிலோமீட்டர்

செய்னியிலிருந்து சுவாவ்கிக்கு
முப்பது கிலோமீட்டர்.
செவ்வாய், வியாழன், சனி.
அம்மாவின் இரத்தத்தைக் கழுவிக் கொண்டுவர
வாரம் மூன்று முறை.

அக்கா கிராஷினா ஓட்டுவாள்.
நான் பக்கத்தில்.
அம்மா பின்னிருக்கையில், கம்பளித் தொப்பிக்குள்,
தூங்குவதுபோல.

போன தேர்தலுக்கு முந்தின ஞாயிறு
பீட்ரூட் சூப் ஆறுவதற்குள் நடந்து முடிந்தது.
நான் ஒரு சொல் சொன்னேன்.
அவள் ஒரு சொல் சொன்னாள்.
இரண்டும் எங்கள் சொற்களே இல்லை,
எனக்கு ஒரு சேனலும்
அவளுக்கு ஒரு சேனலும் ஊட்டிவிட்டவை.
எச்சில் மட்டும் எங்களுடையது.

அன்றிலிருந்து
செய்தி நேரம் நெருங்கினால்
ரேடியோவை அணைக்க
இரண்டு கைகள் ஒன்றாக நீளும்.
அதில் கருத்து வேறுபாடு கிடையாது.

முதலில் கட்சிகள் போயின.
பிறகு பாதிரியார்.
பிறகு நிலக்கரி, எல்லை வேலி, பள்ளிக்கூடப் பாடம்.
இந்த வருஷம் பனி தாமதம் என்றேன் ஒருநாள்.
ஸ்டியரிங்கில் அவள் விரல்கள் இறுகின.
வானிலைக்கும் கட்சி உண்டென்பதை
மறந்துபோயிருந்தேன்.
முட்டை விலையைப் பேசலாமென்றால்
அது யாரால் என்று வந்து நிற்கும்.
வார்சாவிலிருந்து உன் மகள் எப்போது வருகிறாள் என்று
அவள் கேட்பதே இல்லை.
யாரோடு வருகிறாள் என்பது
அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மிச்சமிருப்பவை:
சீட் பெல்ட். மருந்துச் சீட்டு.
"ஜன்னலை ஏத்து."
பெட்ரோலுக்கு என் பங்கை
டேஷ்போர்டில் வைக்கும்போது
நாணயங்கள் பேசிக்கொள்வது.

நேற்று மூடுபனி.
கிராஸ்னோபோல் தாண்டியதும் ரோடே இல்லை.
கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து
நான்தான் அவளுக்குக் கண்.
"வலது பக்கம் பள்ளம்" என்றேன்.
"வலதில்தான் எப்பவும் உனக்குப் பள்ளம் தெரியும்" என்றாள்.
விளையாட்டா வினையா தெரியாமல்
அடுத்த வளைவை நான் சொல்லவில்லை.

அப்போது எல்க் மான்.

கார் பாதி திரும்பி நின்றது.
பம்பருக்கு ஒரு முழம் முன்னால்
அவசரமே இல்லாமல்
ஈரக் கொம்பைத் திருப்பி
எங்கள் மூவரையும் பார்த்தது.
அக்காவின் வலது கை
என் மார்புக்குக் குறுக்கே
ஒரு தாழ்ப்பாளைப் போல் கிடந்தது.
எப்போது நீட்டினாள் என்று
அவளுக்கே தெரியாது.

பின்னிருக்கையிலிருந்து அம்மா:
"இது யாருக்கு ஓட்டுப் போட்டதாம்?"

நான் சிரித்துவிட்டேன்.
அக்காவுக்கும் சிரிப்பு வாய்வரை வந்தது.
வந்தவள் என்னைப் பார்த்து,
யாரை நினைத்துச் சிரிக்கிறேன் என்று கணக்குப் போட்டு,
கையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான்கு மணிநேரம்.
மூன்று நாற்காலிகள்,
நடுவில் அம்மாவின் பை.
உள்ளே இயந்திரம்
ஒரே ஆளின் இரத்தத்தை
வெளியே எடுத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்துபோய்
இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்தாள்.
எனக்குச் சர்க்கரை போடவில்லை.
நான் விட்டது போன மாதம்தான்,
அவளிடம் சொன்னதாக ஞாபகமில்லை.

"காபி விலை ஏறிடுச்சு" என்றாள்.
ஏன் என்று சொல்ல வாயெடுத்தாள்.
நான் காத்திருந்தேன்.
அவளும் காத்திருந்தாள்.

"சூடா இருக்கு" என்றேன்.

"ஆமா," என்றாள்,
பையைத் தரையில் இறக்கிவைத்து,
"ஊதிக் குடி."