மட்டும்

ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐந்நூறு
என்று எழுதியபின்
ஹஸ்முக் சாவ்லா பேனாவைத் தூக்கிப் பார்த்தார்.
பிறகு 'ஒன்லி' என்றெழுதி
மிச்ச இடத்தில் கோடிழுத்தார்,
இனி யாரும் எதையும் நுழைக்க முடியாதபடி.
நான் அதை 'மட்டும்' என்று படித்துக்கொண்டேன்.

என் பெயருக்கு எழுத்துக் கூட்டச் சொன்னார்.
சேர்மக்கனி.
எஸ்ஸா சி-யா என்று கேட்டார்.
இடது மூலையில் இரண்டு சாய்கோடுகள்.
மஸ்ஜித் பந்தர் கடையில்
மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க
மை காய வாயாலும் ஊதினார்
பாலாடை விலக்குகிறவர் போல.

முந்நூறு உருளை ஜிப், நாலு மூட்டை உள்துணி
தாராவியிலிருந்து டெம்போவில் போய்ச் சேர்ந்து
அன்றைக்கு எழுபது நாள்.

காசோலை திரும்பி வந்தது,
விரல் நீளத் துண்டுச் சீட்டோடு:
போதிய நிதி இல்லை.
அதில் வசவும் இல்லை, வருத்தமும் இல்லை.
'திங்கட்கிழமை மறுபடி போடுங்கள், பென்' என்றார் ஃபோனில்.
போட்டேன்.
அதே சீட்டு. தேதி வேறு.

பர்வீன் வக்கீல் விரல்விட்டு எண்ணினார்.
சீட்டு வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ்.
நோட்டீஸ் அவர் கையில் கிடைத்தபின் பதினைந்து நாள்.
பதினாறாம் நாள் தொடங்கி
ஒரு மாதத்துக்குள் புகார்.
பதினாறாம் நாள் என்றதும்
எனக்குக் காரியம்தான் ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை.

சட்டத்தின் பெயரைத் தமிழில் சொன்னது
கோவில்பட்டி மைத்துனன்:
செலாவணி முறிச் சட்டம்.
முறி என்றால் பத்திரமாம்.
ஃபோனில் எனக்கு முறிந்ததுதான் கேட்டது.

பணம் எந்தக் கிளையில் வந்து சேர வேண்டுமோ
அந்தக் கிளைக்குரிய கோர்ட்டில்தான் வழக்கு.
அதனால் குர்லா.
வராத பணத்தின் முகவரியில்
நாங்கள் மூன்று வருடம் சந்தித்துக்கொண்டோம்,
ஒரே பெஞ்சில், நடுவே என் பை.

ஒருமுறை வாய்தா வாங்கி வெளியே வந்தபோது
கேன்டீனில் எனக்குச் சில்லறை இல்லை.
என் டீக்கும் சேர்த்து அவரே கொடுத்தார்.
இருபது ரூபாய். ரொக்கம்.
கணக்கில் கழித்துக்கொள்ளவா என்று கேட்டேன்.
அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.
பர்வீன் சிரிக்கவில்லை.

கூண்டில் நின்று
கையெழுத்து தன்னுடையதுதான் என்றார்.
கையெழுத்தை ஒப்புக்கொண்டால்
கடன் இருந்ததென்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்;
இல்லையென்று காட்டுவது அவர் பாடு.
அவர் அதைக் காட்ட முனையவே இல்லை.
சூரத்துக்காரன் தனக்குத் தர வேண்டியதைப் பற்றியே பேசினார்,
அவன் காசோலை எப்படித் திரும்பியது,
எத்தனை தரம்.
அது வேறு வழக்கு என்றார் நீதிபதி.
அந்த வழக்கை அவர் போடவே இல்லையென்று
பெஞ்சில் வைத்து எனக்குச் சொல்லியிருந்தார்.

ஆடி மழையில் ரயில் தாமதம்.
நான் போய்ச் சேர்வதற்குள்
அவர் வக்கீல் மரணச் சான்றிதழைக் கொடுத்துவிட்டிருந்தார்.
குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல்
குற்ற வழக்கு நிற்காது.
வாரிசுகள் மேல் சிவில்?
அதற்கு மூன்று வருடக் கெடு.
கெடு தாண்டி நாற்பது நாள் என்றார் பர்வீன்,
தன் குடையை மடக்கியபடி.

சாட்சி ஆவணம் எண் நான்கு.
ஓரத்தில் துளை, ஊசி துருப்பிடித்த தடம்.
காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம் என்பார்கள்.
இது எழுதியவரைத் தாண்டியிருக்கிறது.
என் பெயர் சி-யில்தான் தொடங்குகிறது.
இத்தனை நாள் கவனிக்கவில்லை.

பெற்றுக்கொண்டதாக எழுதித் தரச் சொன்னார் குமாஸ்தா.
தமிழில் எழுதலாமா?
ஏதாவது எழுதுங்கள், சாப்பாட்டு நேரம் என்றார்.

அசல் காசோலை ஒன்று மட்டும்
என்றெழுதி
மிச்ச இடத்தில் கோடிழுத்தேன்.