உப்புத் தேநீர் வீடு

பதினான்கு புள்ளி இரண்டு.
கருவி பொய் சொல்கிறதென்று
வேறு விரலைத் துடைத்துக் குத்தினேன்.
பதினான்கு புள்ளி நான்கு.

"இவருக்குச் சர்க்கரையே கிடையாது" என்றாள் தெஜித்.
"எங்கள் வீட்டுத் தேநீரில் உப்புதான் போடுவோம்.
கல்யாணத்துக்கு வந்த சர்க்கரைக் கிண்ணத்தில்
சட்டைப் பொத்தான்கள் கிடக்கின்றன."
அவள் கையில் இன்னும்
அவருடைய ஒற்றைக் காலுறை.

உலான்பாதரில் அன்றிரவு
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
நலைக்கிலிருந்து நிலக்கரி ஏற்றிவந்த ஷாரவ்
லாரியை ஓரங்கட்டி,
கைபிரேக்கை இழுத்துவிட்டு,
அதற்கப்புறம்தான் சரிந்திருக்கிறார்.
வெயில் மறைப்பில் செருகியிருந்தது
அழுத்தத்துக்கான மாத்திரை அட்டை.
பத்தில் மூன்று பிரிந்திருந்தன.

ஸ்கேனில் இடப்பக்கம் வெள்ளையாய் ஒரு திட்டு.
முப்பது மில்லி,
இரண்டு மேசைக்கரண்டி ரத்தம்.
பேச்சையும் வலக்கையையும்
கொண்டுபோக அது போதும்.

எப்படிச் சொல்வேன் தெஜித்திடம்?
தலைக்குள் உடைப்பென்று சேதி போனதும்
சிறுநீரகங்களின் உச்சியில் குந்தியிருக்கும் சுரப்பிகள்
அபாயச் சங்கு ஊதுகின்றன.
கல்லீரல் பதறிப்போய்
பஞ்சகாலத்துக்குக் கட்டிவைத்த மூட்டையெல்லாம்
அவிழ்த்துத் தெருவில் கொட்டுகிறது,
ஓடு, அல்லது அடி என்று.
படுத்துக் கிடப்பவர் எங்கே ஓட?
தித்திப்பு நுழைய வாசலில்லாமல்
ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

இப்படி ஏறியவர்கள்
ஏறாதவர்களைவிடக் குறைவாகவே எழுகிறார்கள்.
தாழ்வாரத்தில் வைத்து டாக்டர் ஓட்சுரேன் சொன்னார்.
சர்க்கரைதான் கெடுக்கிறதா,
கெட்டதைப் பார்த்துக் கத்துகிறதா?
"ரெண்டுமாக இருக்கலாம்"
என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"ரொம்ப இறக்கிவிடாதே.
பட்டினி போட்டால் மூளை அதைவிடச் சீக்கிரம் போய்விடும்."
ஆகவே சொட்டுச் சொட்டாய் இன்சுலின்,
மணிக்கொரு விரல்.

மூன்று மணிக்குத் தெஜித் தன் கையை நீட்டினாள்.
"எவ்வளவு வலிக்குமென்று பார்க்கணும்."
கூடாதுதான்.
புது ஊசி மாட்டிக் குத்தினேன்.
ஒன்பது புள்ளி ஒன்று.
நேற்றுக் காலையிலிருந்து
அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.
இரண்டு பேரும் அந்த எண்ணையே
பார்த்துக்கொண்டு நின்றோம், அது அணைகிறவரை.
அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.
காலுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பதினொன்று.
பத்து புள்ளி ஆறு.
மறுபடி பதினொன்று.
ஜன்னலில் கரிப்புகை வெளுக்கத் தொடங்கியது.
செத்த கை சுணங்காதென்று
வலக்கையிலேயே குத்திக்கொண்டிருந்தேன் இரவெல்லாம்,
இரக்கமென்று நினைத்து.

ஆறு மணிக்கு எட்டு புள்ளி ஏழு.
ஊசி படுமுன்னா, பட்ட பின்னா,
மோதிர விரல் கொஞ்சம்
பின்னால் போனது.

என் கை நடுங்கியிருக்கலாம்.
விழித்து விழித்து எனக்கும்
அன்றைக்குக் கண் பூத்திருந்தது.
அட்டவணையில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
விரல்?

பணி மாற வந்த ஹாலியுன்
பூட்ஸ் பனியை உதறியபடியே
என்ன கிறுக்கல் இது என்றாள்.
ஏழு மணிக்கு நீ குத்து,
குத்தும்போது எண்ணைப் பார்க்காதே என்றேன்.