சில்லறை

படத்தில் அவளுக்குக் காட்சி வருமுன்
வயலின்கள் வந்துவிடுகின்றன.
கருமணி வெளுக்கிறது, ஜன்னல் அடித்துக்கொள்கிறது,
பின்வரிசையில் எவனோ விசில் அடிக்கிறான்.
பர்கத் என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள்.
துணிக்கு மேல்தான், அதனால் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு வரும்போது வயலின் கிடையாது.

பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிறேன்.
காலை ஆறரைக்கு முதல் டோக்கன்.
மால்டாவிலிருந்து, சில்சாரிலிருந்து
இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்த கைகள்
என் மேசைமேல் மல்லாந்து கிடக்கும்.
நரம்பு தேட விரலை வைப்பேன்.
கையுறை போட்டால் அது வராது;
கையுறை போட்டால் சில நரம்பும் கிடைக்காது.

ஒரு வினாடி, அவ்வளவுதான்.
ஒரு பச்சைக் கதவு.
பூட்டிய லாட்ஜ் அறையில் எரிந்துகொண்டே இருக்கும் பல்பு.
எனக்குத் தெரியாத பாஷையில்
யாரோ யாரையோ கூப்பிடுவது.
"முடிஞ்சுது" என்பேன். பஞ்சை அழுத்தச் சொல்வேன்.
எது முடிந்தது என்று சொல்வதில்லை.

இடைவேளை.
பஃப்ஸ் இரண்டு, டீ இரண்டு.
கேன்டீன் முனிரத்தினம் மீதியை உள்ளங்கையில் வைத்தார்.
எண்ணெய்ப் பிசுக்கோடு அவர் விரல் பட்டது.

தண்ணீர்.
செம்மண் நிறத்தில், தரைப்பாலத்தை மூடிக்கொண்டு.
அதில் ஒரு நீலப் புத்தகப்பை,
ஜிப் திறந்து, குப்புற.
ஜிப்பில் தொங்கும் பிளாஸ்டிக் முயல்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்குதா?"
"இருக்குது மேடம், நாலாவது படிக்குது. ஏன்?"
"பை நீலமா?"
சமோசா அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.
"பாலாத்துப் பக்கம் கூட்டிக்கினு போகாதீங்க.
தண்ணி வரும்."

சிரித்தார். அவரோடு வரிசையே சிரித்தது.
சிரிக்கத்தானே செய்யும்?
வேலூரை வெயிலூர் என்று திட்டுகிற மே மாதம்.
ஆற்றின் நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு ஆடுகிறார்கள்,
பவுண்டரி எதுவென்றுதான் சண்டை.
"பாலாத்துல தண்ணியா! இன்னா மேடம்,
படம் இன்னும் பாதி கீதே,
அதுக்குள்ளயே புடிச்சிக்கிச்சா?"

இரண்டாம் பாதியில் அவள் ஓடுகிறாள்.
எல்லோரும் நம்புகிறார்கள், போலீஸ்கூட.
கடைசி இரண்டு நிமிடத்தில் குழந்தை பிழைக்கிறது,
தாய் அவள் காலில் விழுகிறாள்.
பர்கத் அழுதாள்.
என் கைக்குள் பன்னிரண்டு ரூபாய்
வியர்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றேகாலுக்குப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன்.
கீழே மணல், முள்செடி, ஒரு நாய்.
லாரி ஒன்று கடந்த பிறகு
பாலம் கொஞ்ச நேரம் நடுங்கியது.
காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.
"இன்னாடி பாக்குற?"
"ஆத்த" என்றேன்.

நவம்பரில் மேலே எங்கோ கொட்டியது.
ஊரே ஆறு பார்க்கப் போனது,
கல்யாணத்துக்குப் போவதுபோல,
பிள்ளைகளைத் தோளில் தூக்கி, போனை உயர்த்தி,
சிலர் கற்பூரம் கொளுத்தி.
தரைப்பாலம் இருந்த இடத்தில்
தரையும் இல்லை, பாலமும் இல்லை.

நான் நீலம் தேடினேன்.
கூட்டத்தில் இல்லை. கரையோரம் இல்லை.
தண்ணீரில், நான் பார்த்தவரைக்கும், இல்லை.
வெகு பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம்
டீக்கடைச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார் முனிரத்தினம்.
மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
"வலிக்குதுப்பா, விடு" என்று அவள் துள்ளத் துள்ள
பையில் முயல் ஆடியது.

நான் சிரிக்கப் பார்த்தேன்.
அவர் ஆற்றைப் பார்க்கவில்லை.
படத்தில் கதவு தானாகத் திறந்தபோது
நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோமே,
அப்படி என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் வேறு படம்.
பஃப்ஸ் இரண்டு, டீ இரண்டு.
மீதி எட்டு ரூபாயைக்
கண்ணாடிமேல் வைத்து
ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.