எட்டு மில்லிமீட்டர்

ஜப்பானிலிருந்து நாலு பெட்டிகள் வந்தன.
பிரித்தால் ஊதா நிறச் சுருள்கள்,
இன்னும் யாருடைய எடையும் தெரியாதவை.

வீடு எனக்கு. நாய் கெத்தினுக்கு.
கார் மட்டும் பிரிபடவில்லை:
இரண்டே இருக்கை, பழைய மஸ்தா.
ஒற்றைப்படை வாரம் எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு என்று
கார்னார்வன் வக்கீல் எழுதிக்கொடுத்தார்,
சிரிக்காமல்.

பிளைனாய் ஃபெஸ்டினியோக்கில் மழை நிற்பதில்லை,
ஒரு கற்பலகைக் குவியலிலிருந்து இன்னொன்றுக்கு
மாறி உட்காரும்.
அதன் கீழ் கராஜ்.
ஜாக்கி அவனுடையது. ஸ்டாண்டுகள் என்னுடையவை.
இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன்,
நடுவில் கார், நல்ல வேலியைப் போல.

அடி போல்ட் அசையவில்லை.
பதினாறு குளிர்காலத்துச் சாலை உப்பைத் தின்று
உள்ளேயே ஒட்டிப்போயிருந்தது.
எண்ணெய் அடித்தேன். காத்திருந்தேன். வைதேன்.
ஸ்பேனர் முனையில் இரும்புக் குழாய் செருகி
முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டேன்.
படீர்.
"உடைஞ்சிருச்சா?" என்றான் அந்தப் பக்கத்திலிருந்து.
"கழண்டுச்சு" என்றேன்.
அந்த மாதத்தில் எங்களுடைய மிக நீண்ட உரையாடல் அது.

கைதவறிய நட்டுகள் எல்லாம்
முன்பக்க இடது மூலைக்கே உருண்டோடின.
மூன்றாம் தடவைக்குப் பிறகு தேடவில்லை,
நேரே போய் எடுத்துக்கொண்டேன்.
அதற்கு மேல் யோசிக்கவுமில்லை.

இரவு பதினொன்றுக்குக் காரை இறக்கி
முன்னும் பின்னும் உருட்டி,
பானட்டை அமுக்கி அமுக்கி அடங்கவிட்டு,
சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை
டேப் பிடித்தோம்.
வலது முன்னூற்று முப்பது.
இடது முன்னூற்று முப்பத்தெட்டு.
"உன் பக்கம்" என்றான்.

வளையத்தைத் திருகி இறக்கினேன்.
பின்னால், வலது மூலை
கோபித்துக்கொண்டு எழும்பியது.
அதைச் சமாதானப்படுத்தினால் இன்னொன்று.
எங்களுக்குப் பழகிய கணக்குத்தான்.
ஒன்றரை மணிக்கு நாலும் ஒன்றாயின.
கைகுலுக்கவில்லை. டீ குடித்தோம்,
அவனுக்கு எத்தனை சர்க்கரை என்று
கேட்பதுபோல் கேட்டேன்.

காலையில் போர்த்மடோக்.
சூப்பர்மார்க்கெட் வாசலில் புதிதாய்ப் போட்ட தார்,
தண்ணீர் விட்டால் எந்தப் பக்கம் ஓடுவதென்று திகைக்கும் மட்டம்.
சும்மா ஒருமுறை அளந்தேன்.
இடது, எட்டு மில்லிமீட்டர் தாழ்ந்து கிடந்தது.

கார் முதலிலிருந்தே சரியாகத்தான் நின்றிருக்கிறது.
கோணல் எங்கள் தரை.
கல்யாணமான வருஷம்
வாடகைக் கலவை இயந்திரத்தில் நாங்களே குழைத்து ஊற்றியது.
மழைக்கு முன் முடிக்கவேண்டுமென்ற அவசரத்தில்
அந்த மூலைக்கு மட்டக்கோல் வைக்காமல் தேய்த்தாயிற்று.
தேய்த்தது யார் என்பது
இருவருக்கும் நன்றாகத் தெரியும்,
பெயர்தான் வேறு வேறு.

பார்க்கிங் கோட்டுக்குள் முழங்காலிட்டு
ராத்திரி செய்த சரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
ட்ராலி அடுக்கும் பையன் நின்று கேட்டான்:
"பஞ்சரா?"
"இல்லை. தரை."
தலையாட்டிவிட்டுப் போனான்.

திரும்பும் வழியை நீட்டி
க்ரைமியா கணவாய்க்கு ஏறினேன்.
இத்தனை நாள் தலையணைக்குள் பேசிய சாலை
இப்போது முதுகெலும்பில் பேசியது.
ஆடு தடுக்கும் கம்பிப்பாலத்தில் பற்கள் தந்தியடித்தன.
ஆனால் அந்த மூன்றாவது வளைவு!
திருப்ப நினைத்தேன்;
திரும்பி முடிந்திருந்தது.
ஒரு செம்மறி என்னையே பார்த்தது.
நான் சத்தம்போட்டுச் சிரித்தேன் போலிருக்கிறது.

தணிப்பானின் தலையில் ஒரு குமிழ், முப்பத்திரண்டு க்ளிக்.
அவனுக்குப் பன்னிரண்டு போதும். எனக்கு இருபத்தொன்று.
ஞாயிறு மாலை சாவியைக் கொடுக்குமுன்
ஒவ்வொரு சக்கரத்திடமும் குனிந்து
ஒன்பது க்ளிக் பின்னே போகிறேன்.
அவன் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இடது முன்பக்கத்தில் ஏதோ ஒன்று
மெதுவாகப் போகும்போது மட்டும்
டொக் என்கிறது.

அது என் பக்கம்.
அவன் வாரம் நாளை தொடங்குகிறது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தேன், காரின் அடியில்.