அவிழ்ப்புக் கணக்கு

எழுபத்தெட்டு வெள்ளைச் சட்டை,
பள்ளிக்கூடம் தொடங்கப் பதினாறு நாள்.
நாளுக்கு ஐந்து முடியவேண்டும்.
முடிவது நான்கு.
ஓவர்லொக் மிசினுக்கு இன்னும் முப்பத்தோராயிரம் குறைகிறது;
அதுவரை ஒவ்வொரு சட்டையின் ஓரமும்
மூன்றாம் குறுக்குத் தெருவுக்குப் போய்
முப்பது ரூபாய் கொடுத்துத் திரும்பி வருகிறது.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.
நேரம் எந்த வழியால் போகிறதென்று பார்க்க
எலிக்குப் பொறி வைப்பதுபோல்
மிசினுக்குப் பக்கத்தில் விரித்துவைத்தேன்.

முதல் கிழமை அகப்பட்டவை:
கத்தரிக்கோல் தேடியது, நாளுக்குப் பதினேழு நிமிடம்
(பாதி நேரம் அது என் மடியிலேயே இருந்தது).
அயர்ன் மேசைக்கும் மிசினுக்கும் பதினொரு எட்டு.
ஒரு சட்டைக்கு ஆறு தரம், போகவும் வரவும்,
எழுபத்தெட்டுச் சட்டைக்குக் கூட்டிப் பார்த்தால்
பாலையூற்றிலிருந்து உப்புவெளிக்கே நடந்துவிடுவேன்,
கடலைக் காணாமல்.

மேசையை இழுத்துக் கிட்டப் போட்டேன்.
கத்தரிக்கோலைச் சுவர் ஆணியில் கட்டித் தூக்கினேன்.
பொத்தான்களையெல்லாம் ஒரு பேணியில் சேர்த்து
கரண்ட் போகிற நேரத்துக்கென்று ஒதுக்கினேன்,
மழைக் காலத்தில் அது தவறாமல் போகும்.
போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன்.
அது உள்ளே கிடந்து அதிர,
மகனுடைய காற்சட்டை அளவோடு வந்த பஸீனா
"அடுத்த வேளைக்குச் சோறா, போனா?" என்றாள்.

எல்லாம் செய்தும்
இரவில் எண்ணினால்
நான்கு.

பஸீனா போகும்போது குனிந்து
தரையிலிருந்து ஒரு பிடி அள்ளினாள்.
"இதென்ன இவ்வளவு வெள்ளை நூல்?"

தும்புதும்பாக, சுருள்சுருளாக,
ஒருமுறை துணிக்குள் ஓடி
மறுபடி பிடுங்கப்பட்ட நூல்.
கொலரின் ஒரு காது ஏறி மறு காது இறங்கிவிட்டால்
வேறென்ன செய்வது.
அதைக் கொப்பியில் நான் எழுதியிருக்கவில்லை.
யாருமே பார்க்காத கொப்பி.
இருந்தும் எழுதவில்லை.

அன்றிரவு கூசாமல் எழுதினேன்:
அவிழ்ப்பு, ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.
கத்தரிக்கோலை வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் கொலருக்கு நான்கு குண்டூசி,
அதன்மேல் ஒரு நூலோட்டம்.
மூலை வந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்து
சில்லைக் கையால் திருப்பினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று தையல்,
தூங்கும் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல்.
இவ்வளவு ஆறுதலாகத் தைத்தால் உருப்படாதென்று
எனக்குள் ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தாள்.
பொழுதுபட எண்ணினேன்.
ஆறு.
நம்பாமல் திரும்ப எண்ணினேன்,
அதற்கு ஒரு நிமிடம் வீண்.

வெள்ளிக்கிழமை, திருகோணமலை பஸ் நிலையம்.
ஓரம் அடித்த சட்டைகள் மடியில்,
கொப்பி பக்கத்துப் பையில்.
புள்ளிமான் ஒன்று, ஊர் மான்,
ஓட்டோக்களுக்கு நடுவால் வந்து
பைக்குள் மூக்கை நுழைத்தது.
நான் பார்க்கிறபோது
திங்கள் வாய்க்குள் போயிருந்தது.
பிறகு செவ்வாய். பிறகு புதன்.
"அக்கா, கணக்குப் புத்தகமா?" என்று
ஓட்டோக்காரர் ஒருவர் கத்த
வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

பறித்திருக்கலாம். சட்டைகளில் எச்சில் படுமென்று
அவற்றை நெஞ்சோடு தூக்கிப் பிடித்து நின்றேன்.
மான் அவசரப்படவில்லை.
விழுங்கியதைப் பின்னேரம் எங்காவது படுத்து
வாய்க்கு எடுத்து மறுபடி மெல்லும்;
அதன் கணக்கில்
ஒரு வேலையை இரண்டு தரம் செய்வது நட்டமில்லை.

கொப்பியில் மிஞ்சியது மட்டையும்
பாதிப் பக்கமும், ஈரமாக.
அவிழ்ப்பு என்ற சொல் அதில் இருந்தது,
நிமிடங்களைத்தான் காணோம்.

இன்னும் பதினேழாயிரத்து ஐந்நூறு.
அதை எழுதிவைக்கத் தேவையில்லை.
பஸ் வந்தது, கூட்டம்.
சட்டைகள் கசங்காமல்
கடைசி ஆளாக ஏறினேன்.