பின்னணிக் குறிப்பு, பதினொரு பக்கம்

கருப்பூர் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்கு ஒண்ணரை ரூபாய் கொடுத்து
இரண்டு நகல் எடுத்தோம், நானும் அகஸ்டாவும்.
'ஜோர்டான் செல்லும் மாணவர்க்குச் சில பின்னணிச் செய்திகள்.'
ஆறு மாதம், அம்மான் நகரில், நீர்வளப் படிப்பு.

"எந்த அம்மான்? தாய்மாமன் சீரோட வருவானா?"
என்று சிரித்த அம்மா
கொலுசுக்குத் திருகாணி முடுக்கியபடியே கேட்டாள்:
"தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா?"
வாரம் ஒருநாள் வரும்,
மாடித் தொட்டியில் பிடித்து ஏழுநாள் ஓட்டவேண்டும்,
மூன்றாம் பக்கம்.
"அட, நம்ம சிவதாபுரந்தான். போயிட்டு வா."

தெருப்பெயர் சொல்லி வழிகேட்டால் விழிப்பார்களாம்.
முதல் வட்டம், மூன்றாம் வட்டம், எட்டாம் வட்டமென்று
ரவுண்டானாக்களை எண்ணித்தான் ஊர்.
மூணு ரோட்டில் தட்டுவடை செட் தின்று
நாலு ரோட்டில் சண்டைபோட்டு
அஞ்சு ரோட்டில் சமாதானமாகிறவர்களுக்கு
இதில் என்ன பின்னணி வேண்டிக்கிடக்கிறது?

வெள்ளி சனி விடுமுறை, ஞாயிறு வகுப்பு.
"அப்ப பூசைக்கு?" என்றாள் அகஸ்டா.
அங்கும் கோயில்கள் உண்டு,
அரபியிலேயே ஜெபிப்பார்கள் என்றிருந்தது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 'விசாரிக்க.'

காபி பற்றி ஒரு பத்தி.
ஏலக்காய் மணக்கும், சர்க்கரை இராது,
காதில்லாத சின்னக் கோப்பை.
போதுமென்று வாயால் சொல்லாதே, கோப்பையை ஆட்டு.
ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.
நாகலூரில் அவள் வீட்டார் பழம் பறிக்கும் செடிக்கும்
அராபிகா என்றே பெயர்.
"முப்பது வருசமா அந்தப் பேரைப் பறிக்கிறோம்,
பேருக்குச் சொந்தக்கார ஊரை
ஒருத்தி பாத்துட்டு வந்தா என்னப்பா?"
அப்பா மறுக்கவில்லை.
கணக்குத்தான் போட்டார்.

புத்தக அரபி வேறு, தெரு அரபி வேறு,
பயப்படாதீர்கள் என்றது ஒன்பதாம் பக்கம்.
'வருகிறேன்' என்றெழுதி
'வர்றேன்' என்று வந்து நிற்கும் நாங்களா பயப்படுவோம்?
பயந்தது தாலுகா ஆபீசுக்குத்தான்.

அசல் எங்கே, நகல் எங்கே,
தீர்வை பாக்கி,
வெள்ளிக்கிழமை நேரில் ஆஜர்.
இரண்டு மாதம் அலைந்து திரும்பிய ராத்திரியில்
கடன் வாங்கிய அகராதியைப் புரட்டினால்
தாலுகா அரபி. அசல் அரபி, நகல் அரபி.
பாக்கியும் ஆஜரும் அரபி.
விசா வருமுன்பே
அந்த மொழியில் கெஞ்சிப் பழகியிருக்கிறோம்.

ஜாமீனும் அரபிதான்.
கடனுக்கு அவளிடம் வங்கி கேட்டது அதை.
எஸ்டேட் ரைட்டர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்,
சித்தப்பா போனை எடுக்கவில்லை,
பங்குத்தந்தைக்கு மாற்றலாகிவிட்டது.
ஒரு திங்கட்கிழமை
அவள் பெயருக்கு எதிரே ஒரே சொல் வந்திருந்தது:
ரத்து.

அதையும் தேடினேன்.
அங்கே அதற்குப் பதில் என்றும் பொருளாம்.
எந்தக் கச்சேரியில் யார் கைபட்டு
நம்மிடம் இப்படி வந்ததோ.

மலை பஸ் ஏறுமுன்
அவள் நகலை என்னிடம் கொடுத்தாள்.
பென்சில் கேள்விகள் பதினேழு.
குளிர்காலத்தில் துணி காயுமா,
பூண்டு கிடைக்குமா,
வெள்ளைக்கல் வீடுகள்
மழையில் என்ன நிறமாகும்.

அடிவாரக் கடையில் காபி குடித்தோம்.
"இன்னொண்ணு போடவா?"
என்னைப் பார்த்துக்கொண்டே
அகஸ்டா டம்ளரை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.
கடைக்காரருக்குப் புரியவில்லை.
நுரை தள்ள இன்னும் இரண்டு வந்தன.
பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார்.
குடித்துவிட்டுத்தான் ஏறினாள்.