முப்பத்தொரு வீடுகள்

குட்டாய்சி நீதிமன்றத்தில்
இருபத்து நான்கு வருடம்
பிறர் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்தவளின்
வலது மணிக்கட்டு
போன டிசம்பரில்
ஒரு ஜீவனாம்ச வழக்கின் நடுவே
போதும் என்றது.

மருத்துவர் ஓய்வு என்றார்.
மேலாளர் ஓய்வூதியம் என்றார்.
மல்காஸ்
(லிஃப்ட் பழுது பார்ப்பவன்,
மேல்மாடிக்காரன், ஓயாத இருமல்)
"இடது கையைக் கொடு" என்றான்.

ஈரக் களிமண் உருண்டையைப்
பிடிக்கச் சொன்னான்,
வேனில் கம்பியைப் பிடிப்பதுபோல.
விரல் பதிந்த பள்ளங்களில்
ஐந்து பொத்தான்கள்.
உடம்பு அக்ரூட் மரம்.
உள்ளே, பேரன் உடைத்த
விளையாட்டுக் கருவியின் நரம்புகள்.
உள்ளங்கைச் சதையால் அமுக்கினால்
சொல்லுக்குச் சொல் இடைவெளி.
பார்வைக்கு,
யாரோ கடித்து வைத்த பேரிக்காய்.

கணக்கு எளிது.
ஒரு விரலுக்கு ஓர் எழுத்து,
இரு விரல் சேர்ந்தால் இன்னொன்று.
ஐந்து விரலுக்கு முப்பத்தொரு சேர்க்கை.
எதையும் அழுத்தாதது முப்பத்திரண்டாவது;
அதை யாரும் எழுத்தாக மதிப்பதில்லை,
நீதிமன்றம் மட்டும்
"சாட்சி பதிலளிக்கவில்லை" என்று
அதையும் எழுதி வைக்கும்.

ஜார்ஜிய மொழிக்கு எழுத்து
முப்பத்து மூன்று.

மூன்று இரவு விழித்து
ஆயிரம் பக்கத் தீர்ப்புகளை எண்ணினான்.
அடிக்கடி வருவதற்கு ஒற்றை விரல்,
அரிதாய் வருவதற்கு விரல் முறுக்கு.
எப்போதோ வரும் இரண்டை
வாசலில் நிறுத்தினான்:
சுண்டுவிரலை மூன்று எண்ணும்வரை
பிடித்திருந்தால் ஒன்று வரும்,
கட்டைவிரலுக்கு மற்றது.

புதுப் பேனா கிடைத்தால்
எல்லோரும் எழுதுவதைத்தான்
அவளும் எழுதிப் பார்த்தாள்.
ஜுஜுனா.

(நான் எழுதிய ஜு தப்பு.
உதட்டருகே தேனீ உரசிப்போகும் ஒலி அது;
நம் நெடுங்கணக்கிலும் அதற்கு வீடில்லை.
ழ போட்டால் நாக்கு வேறெங்கோ மடிகிறது.
வெயிலோடு தூறும் மழைக்கு
அங்கே அந்தப் பெயர்.
நமக்கு அந்நேரம்
காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்.)

திரையில் நின்றது:
உஉனா.
பாதியில் யாரோ அதட்டி நிறுத்திய ஊளை.

"பக்கத்துக்கு ஒன்றுகூட வரவில்லை"
என்றான் இருமிக்கொண்டே.
"ஆயிரம் பக்கத்திலும்
நான்தானே இருந்தேன்" என்றாள்.
கீழே, கையெழுத்தாக.
எண்ணியவன் கண்ணில்
கையெழுத்து எழுத்தில்லை.

வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு
படியிறங்கிப் போய்விட்டாள்.

பிப்ரவரி.
மஞ்சள் வேனில், கோட்டுப் பைக்குள்
ஏதோ அசைவதைப் பார்த்துப்
பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்றார்.
நீதிமன்ற வாசலில்
"கையை வெளியே எடுங்கள்" என்றான் காவலன்.
எடுத்தாள். பேரிக்காய்.
நீதிபதி இரண்டு முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
இவளுக்காக வேகம் குறைத்த வக்கீல்
தான் பேசுவதைத் தானே கேட்க நேர்ந்து
ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெற்றார்.

மார்ச்சில் பொத்தான் ஒன்று இறுகியது.
கழற்றித் துடைத்தவன்
எழுத்துப் பட்டியலைத் திறந்தான்.
யாரிடமோ கேட்டு மாற்றியிருக்கிறாள்.
தேனீ எழுத்துக்கு இப்போது
நடுவிரலும் மோதிரவிரலும்: நல்ல வீடு, காற்றோட்டம்.
வாசலில் நின்றது
தொண்டையைச் சுரண்டும் அந்தக் க.
மல்காஸின் நடுவில் இருப்பது.

"இது பக்கத்துக்கு முப்பது தடவை வரும்!
ஒவ்வொரு தடவையும்
மூன்று எண்ணிக்கொண்டு உட்காருவாயா?"

"எண்ணுகிறேன்."

"இந்தக் கையும் போய்விடும்."

கருவியை வாங்கி
பள்ளங்களில் விரலைப் பொருத்திக்கொண்டாள்.
லிஃப்ட் அன்றும் ஓடவில்லை;
ஐந்து மாடி ஏறி வந்தவனுக்கு
இருமல் இன்னும் அடங்கவில்லை.

"உன் பெயருக்கு மட்டும்
அழுத்த வேண்டியதே இல்லை" என்றாள்,
"இரண்டாம் மாடியிலேயே
கேட்டுவிடுகிறது அந்த எழுத்து."